கவிழ்ந்த படகின் மேல் ஒரு பாராட்டு விழா

பேரன்பும் பெருமதிப்பும் உடைய கரைவாழ் பெருமக்களுக்கும், அவர்களால் பெரும்பாலும் உண்ணப்படுகின்ற கடல்வாழ் உயிரினங்களுக்கும் சிப்பித்துறை விசைப்படகு வேகக் கழகம் பெருமிதத்துடன் அறிவித்துக்கொள்வது: இன்று முற்பகல் போட்டியில் படகு கவிழ்ந்து, கடலன்னையின் மடியிலிருந்து மீண்டெழுந்த மாவீரர் கஸ்பார் அவர்களுக்கு, கவிழ்ந்த இடத்திலேயே, கவிழ்ந்த படகின் மேலேயே, மாபெரும் பாராட்டு விழா நடைபெறும். கழகத் தலைவர் ‘அலைவேந்தர்’ சற்குணம் அவர்கள் பொன்னாடை போர்த்திச் சிறப்பிப்பார்கள். கரைக்கு வந்தபிறகு நடத்தலாமே என்று கேட்பவர்களின் கனிவான கவனத்துக்கு: தலைவருக்கு மாலையில் ஒரு காதணி விழா இருக்கிறது.

ஒலிபெருக்கியில் இந்த அறிவிப்பு வந்தபோது கஸ்பார் தன் படகின் அடிவயிற்றில் உட்கார்ந்திருந்தான். அடிவயிறு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அவனுடைய இடது கை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேறு யாருடைய கையோ போலத் தொங்கியது. வலித்தது. ஆனால் அந்த வலிகூட அடுத்த வீட்டிலிருந்து கேட்பது போலத்தான் இருந்தது.

ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சுற்றிலும் கடல்தான்.

படகு கவிழ்ந்ததற்குக் காரணம் மரியாதை.

இந்தப் பந்தயப் படகில் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் கையில் ஸ்டியரிங். இன்னொருவர் கையில் ஆக்சிலேட்டர். திருப்புகிறவருக்கு வேகத்தின் மேல் அதிகாரம் கிடையாது. வேகத்தைப் பிடித்திருப்பவருக்கு எங்கே போகிறோம் என்பதில் பேச்சு கிடையாது. பல குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. கஸ்பார் ஸ்டியரிங் பிடித்தான். அவனுடைய அக்காள் அமலோற்பவத்தின் கணவர் பிலோமின்தாஸ் ஆக்சிலேட்டர் பிடித்தார்.

படகு அலைமேல் ஏறித் தண்ணீரை விட்டு எழும்பும். அந்தக் கணத்தில் ஆக்சிலேட்டரைக் குறைக்க வேண்டும். திரும்பத் தண்ணீரைத் தொட்டதும் கூட்ட வேண்டும். பிலோமினின் கை இதைத் தூக்கத்திலும் செய்யும். கட்டில் அதிருகிறது என்று அக்காளே புகார் சொல்லியிருக்கிறாள்.

படகுகள் திரும்ப வேண்டிய இடத்தில் வழக்கமாக ஒரு சிவப்பு மிதவை கிடக்கும். இங்கே அதன் மேல் கழகம் அலைவேந்தரின் கட்-அவுட்டை நிறுத்தியிருந்தது. ஆளுயரக் கட்-அவுட் என்று சொன்னார்கள். ஆளை வைத்து அளந்திருக்க மாட்டார்கள், பதவியை வைத்து அளந்திருப்பார்கள். அது இரண்டு கைகளையும் கூப்பிச் சிரித்தபடி கடலில் ஆடிக்கொண்டு நின்றது.

பெரியவர் ஒருவர் கைகூப்பினால் திருப்பிக் கைகூப்பாமல் போகிற வழக்கம் பிலோமினின் குடும்பத்தில் இல்லை. அவர் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்பி வணக்கம் வைத்தார்.

படகு அப்போது காற்றில் இருந்தது.

அது மூக்கைத் தூக்கியது. முன்னால் வானம் வந்தது. அப்புறம் கடல் மேலே போனது. கண்ணாடிக் கூண்டின் ஒரே கதவு பிய்ந்து கஸ்பாரை வெளியே எறிந்தது. பிலோமின் உள்ளேயே இருந்தார்.

டொக். டொக்.

கஸ்பார் படகின் வயிற்றில் காதை வைத்தான்.

“அத்தான்?”

“என்ன மாப்ளே?”

“உயிரோட இருக்கீங்களா?”

“பின்ன யாரு பேசுதா?”

கஸ்பாருக்கு அழுகை வந்தது. அதை ஒத்திவைத்தான்.

“உள்ள தண்ணி எதுவரைக்கும்?”

“முழங்கால். மேல கொஞ்சம் காத்து நிக்கி.”

“கதவு வழியா வெளிய வாங்க.”

“வாசல்ல அலைவேந்தரு நிக்காரு.”

“யாரு?”

“கட்-அவுட்டு. நேரா வந்து கதவுல செருகிக்கிட்டு. தலகீழா நின்னு கும்பிடுதாரு. தள்ளிப் பாத்தேன். சிரிக்காரு.”

“நீங்க ஏன் கைய எடுத்தீங்க?”

“அவரு கும்பிட்டாரு.”

“அது அட்ட தான அத்தான்!”

“அட்டைன்னா மரியாத கிடையாதா? நீ ஏன் அவ்வளவு கிட்டப் போய்த் திருப்புன?”

“தள்ளிச் சுத்துனா அவரு மனசு சங்கடப்படும்னு நீங்கதான் சொன்னீங்க.”

கீழே ஒரு செருமல் மட்டும் கேட்டது. நியாயத்தை ஒப்புக்கொள்ளும்போது பிலோமின் எப்போதும் இப்படித்தான் செருமுவார்.

கஸ்பார் குதித்தான். முங்கிப்போய் அந்தக் கட்-அவுட்டைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தான். லைஃப் ஜாக்கெட் அவனை மேலே கொண்டுவந்தது. மறுபடி முங்கினான். மறுபடி மேலே கொண்டுவந்தது. அது அவனைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. அதற்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். ஒற்றைக் கையால் அதன் பக்கிளைக் கழற்ற முடியவில்லை.

அவன் திரும்ப ஏறி உட்கார்ந்தபோது மீட்புப் படகு வந்துகொண்டிருந்தது. கஸ்பார் கையை ஆட்டினான். அவர்களும் கையை ஆட்டினார்கள்.

மீட்புப் படகு நிறைய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலிகளுக்கு நடுவே குளியாள் மொறாயிஸ் உட்கார்ந்திருந்தார். கடலில் முங்கி ஆள் தேடுவது அவர் வேலை. காலில் தவளைச் செருப்பு. முதுகில் காற்றுச் சிலிண்டர். மடியில் ஒரு கூடை மாலை.

“கீழ அத்தான் இருக்காரு,” என்றான் கஸ்பார்.

“தெரியும்,” என்றார் மொறாயிஸ்.

“இறங்குங்க.”

“நிகழ்ச்சி நிரல்ல என் பேரு கடைசியில இருக்கு தம்பி. நன்றியுரைக்கு அடுத்தாப்ல.”

“அதுவரைக்கும்?”

“மால பிடிக்கணும்.”

மொறாயிஸ் நல்ல மனிதர். சொல்லும்போது அவர் கண்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் முதுகைத் திருப்பிக் காட்டினார். சிலிண்டரின் வாயில் ஒரு ரோஸ் ரிப்பன் கட்டியிருந்தது.

“புதுசு. தலைவர் கையால வெட்டித் திறந்து வைக்கணும். அதுக்கு முன்னால காத்து வராது.”

சாமியானாக்காரர்கள் மூங்கில்களைக் கடலில் ஊன்றினார்கள். இங்கே ஆழம் அதிகம் என்று கஸ்பார் சொன்னான். “நாங்க பாத்துக்கிடுதோம்,” என்றார்கள். மூங்கில்கள் நின்றன. நாற்காலிகளைப் போட்டார்கள். முதல் வரிசையோடு படகின் அடிப்பாகம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் வரிசைக்காக அது கொஞ்சம் நீண்டுகொடுத்தது. முக்கியப் பிரமுகர்களுக்கு இடமில்லை என்று சொல்ல எந்தப் படகுக்குத்தான் மனசு வரும்.

பொதுமக்கள் கழுத்தளவு கடலில் நின்றார்கள். ஆண்கள் வலதுபுறம், பெண்கள் இடதுபுறம். ஒரு பெண் வேர்க்கடலை கொறித்து, தோலைப் பக்கத்திலிருந்த மீனிடம் கொடுத்தாள். மரியாதையை முன்னிட்டுக் கடல் அலையை நிறுத்தி வைத்திருந்தது.

பந்தயம் மட்டும் நிற்கவில்லை. மிதவை உடைந்துவிட்டதால் மற்றப் படகுகள் விழாவையே மிதவையாக வைத்துத் திரும்பின. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வாரியடித்தது.

“வருகைதந்த வள்ளல்களை வாரிதியே வந்து பன்னீர் தெளித்து வரவேற்கிறது!” என்றார் தொகுப்பாளர் இளவெயினி.

பட்டுப்புடவை கட்டிய அந்த அம்மாள் மைக்கைப் பிடித்த நேரத்திலிருந்து சாதாரணமாக ஒரு சொல் பேசவில்லை. கஸ்பார் அவரிடம் போய், “கீழ ஆளு இருக்கு,” என்றான்.

“கீழே ஆழியும் இருக்கிறது, ஆழியின் ஆசியும் இருக்கிறது,” என்றார் இளவெயினி.

கைத்தட்டல். கஸ்பாரை நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

அலைவேந்தர் வந்தார். எப்படி வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கூப்பிய கைகள். கட்-அவுட்டைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தார். அது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் நுனிக்காலில் நடந்தார்.

முதல் பொன்னாடையை அவரே போர்த்தினார்.

பொன்னாடை என்பது எடையே இல்லாத துணி. கடைக்காரர் ஊதினால் பறக்கும். ஆனால் கஸ்பாரின் தோளில் விழுந்ததும் படகு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. துணிக்குள் வைத்துத் தைத்திருக்கிற கௌரவத்தின் கனம் அது.

டொக்.

கஸ்பார் செருப்புக் கழன்றதைப் போலக் குனிந்தான்.

“மாப்ளே, இடுப்புக்கு வந்துட்டு.”

“பொன்னாட போட்டாவ அத்தான்.”

“யாருக்கு?”

“எனக்கு.”

“ஒனக்கு மட்டுமா?”

கஸ்பார் பொன்னாடையின் நுனியை மடக்கிப் பிடித்தான்.

“இல்ல, சும்மா கேட்டேன்,” என்றார் பிலோமின். கொஞ்சம் கழித்து, “நானுந்தான கவுந்தேன்,” என்றார்.

இரண்டாவது பொன்னாடை ஐஸ் கம்பெனி உரிமையாளர்கள் சங்கத்திலிருந்து வந்தது. மூன்றாவது அலைவேந்தர் நற்பணி மன்றம், வடக்குத் தெரு. நான்காவது அலைவேந்தர் நற்பணி மன்றம், தெற்குத் தெரு. இரண்டு மன்றத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, எனவே தெற்குத் தெருவின் பொன்னாடை ஒரு முழம் நீளம்.

“வேண்டாம்யா,” என்று கஸ்பார் நெளிந்தான். “போதும். கை வலிக்குது. ஒங்க அன்பே போதும்.”

“அடக்கம்!” என்றார் இளவெயினி மைக்கில். “அடக்கம்! அடக்கம்!” இன்னும் பலர் பொன்னாடையோடு எழுந்தார்கள். மறுக்க முடியாது. மறுத்தால் போட வந்தவரின் கை அந்தரத்தில் நிற்கும். சிப்பித்துறையில் இதற்காகவே நிச்சயதார்த்தங்கள் முறிந்திருக்கின்றன. விழா முடியும்வரை கழற்றவும் முடியாது.

படகு இறங்கியது. இறங்கியது.

டொக் டொக் டொக் டொக்.

அலைவேந்தர் செவிசாய்த்தார். “யாரது, கீழே இவ்வளவு உணர்ச்சியாகக் கைதட்டுவது?”

“எங்க அத்தான்யா! உள்ள மாட்டிக்கிட்டாரு! தண்ணி ஏறுது!”

அலைவேந்தரின் கண்கள் கலங்கின. “அடித்தட்டு மக்கள் என்னை என்றைக்குமே கைவிட்டதில்லை,” என்றார். பிறகு மைக்கை வாங்கித் தலைமையுரையைத் தொடங்கினார்.

“பக்கத்து ஊர்க் கழகம் காலங்காலமாகப் போட்டி நடத்துகிறது. ஒரு படகாவது கவிழ்ந்ததா? போய்க் கேட்டுப் பாருங்கள். தலைகுனிவார்கள். நாம் தொடங்கிய ஆண்டிலேயே சாதித்துவிட்டோம். மிதவையின் மேல் என் உருவத்தைக் கண்டதும் இந்தப் படகு தலைவணங்கியது. சும்மா அரைகுறையாக இல்லை. முழுசாக வணங்கியது. விஞ்ஞானம் இதை விபத்து என்று சொல்லும். நான் வணக்கம் என்று சொல்வேன்.”

கழுத்தளவுத் தண்ணீரில் கைதட்டினால் சத்தம் வராது. தண்ணீர் தெறிக்கும். நிறையத் தெறித்தது.

கஸ்பார் நாற்காலியிலிருந்து சரிந்து, படகின் வயிற்றோடு வாயை வைத்தான். அவன் விழுந்து வணங்குவதாக நினைத்து அலைவேந்தர் இடைவெளி கொடுத்தார்.

“அத்தான்.”

“நெஞ்சுக்கு வந்துட்டு மாப்ளே.” குரல் மெலிந்திருந்தது. “இவரு வேற மூக்குக்கு நேரா நின்னு சிரிச்சுக்கிட்டிருக்காரு. பல்லெல்லாம் எண்ணிட்டேன்.”

“கொஞ்சம் பொறுங்க. தலைமையுரை போகுது.”

“நீளமா?”

“இப்பதான் பள்ளிக்கூடத்துல சேந்துருக்காரு.”

பிலோமின் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நின்றபிறகு வேறு குரலில் பேசினார்.

“அமலிட்ட ஒண்ணு சொல்லிரு.”

“நீங்களே சொல்லுங்க.”

“காலைல குழம்பு உப்புக் கரிக்குன்னு சொன்னேன். கரிக்கல. படகு டென்சன்ல வாய்ல வந்துட்டு.”

“நீங்களே சொல்லுங்க அத்தான்.”

“குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார் பிலோமின். “நெத்திலி.”

கஸ்பார் மொறாயிஸைப் பார்த்தான். மொறாயிஸ் மாலைக்கூடையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ரிப்பனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு தொண்டர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

தலைமையுரை முடிந்தபோது படகு தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டது. நாற்காலிக் கால்கள் நனைந்தன. பிலோமின் இப்போது பேசவில்லை. தட்ட மட்டும் செய்தார். தட்டுகளுக்கு நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது.

“அடுத்து, மாவீரரின் ஏற்புரை,” என்றார் இளவெயினி. “சுருக்கமாக.”

மைக் கைக்கு வந்தது. கஸ்பார் வாயைத் திறந்தான். கீழே ஆள் இருக்கிறது என்று இன்னொரு முறை கத்தலாம். கத்தினால் நெகிழ்ச்சி என்பார்கள். அழலாம். அழுதால் இன்னொரு பொன்னாடை வரும்.

அவன் சிப்பித்துறையில் பிறந்தவன். நிறைய விழா பார்த்தவன். சிப்பித்துறையில் ஒரு விழாவை மழை நிறுத்தாது. சாவு நிறுத்தாது. போன வருஷம் பந்தலே தீப்பிடித்தது, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று தொடர்ந்து நடத்தினார்கள். ஒரே ஒரு தடவை விழா நின்றதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அன்றைக்கு மேடையில் ஒருவர் பெயரை விட்டுவிட்டார்கள்.

கஸ்பார் தொண்டையைச் செருமினான். ஒவ்வொருவராக விளிக்க ஆரம்பித்தான்.

“விழாத் தலைவர் அலைவேந்தர் அவர்களே. ஐஸ் கம்பெனி உரிமையாளர்களே. வடக்குத் தெரு மன்றத்தாரே. அவர்களுக்குக் கொஞ்சமும் குறையாத தெற்குத் தெரு மன்றத்தாரே.” மூச்சை இழுத்துக்கொண்டான். “மேடைக்கு நேர்கீழே, நமக்கெல்லாம் முன்னதாகவே வருகைதந்து, தொடக்கம் முதல் ஓய்வின்றிக் கைதட்டிக்கொண்டிருக்கும், ‘வேகச்சுடர்’ பிலோமின்தாஸ் அவர்களே!”

மைக் ஒரு தடவை கூவி அடங்கியது. வேர்க்கடலை கொறித்த பெண் மெல்லுவதை நிறுத்தினாள்.

அலைவேந்தர் மெதுவாக இளவெயினி பக்கம் திரும்பினார். “யார் அது?”

“பெயர் விட்டுப்போயிருக்கிறது ஐயா,” என்றார் இளவெயினி. அன்றைக்கு முதல்முறையாகச் சாதாரணமாகப் பேசினார்.

“பட்டமெல்லாம் இருக்கே.”

“இருக்கிறது ஐயா.”

“எப்போ வந்தாரு?”

“காலைலயே,” என்றான் கஸ்பார்.

“நாற்காலி?”

“போடல.”

“பொன்னாடை?”

“போடல.”

அலைவேந்தரின் குரல் இறங்கியது. “டீயாவது?”

“குடுக்கல.”

வடக்குத் தெருப் பக்கம் தண்ணீர் கலங்கியது. “எங்க ஆளக் கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துதீங்களா?” என்று ஒருவர் கத்தினார். “எங்க ஆளு!” என்றது தெற்குத் தெரு. இரண்டு தெருவும் அதுவரை பிலோமினைப் பார்த்ததில்லை. அவர் குடியிருப்பது மேற்குத் தெரு.

“உடனே மேடைக்கு அழைத்து வாருங்கள்,” என்றார் அலைவேந்தர்.

“வர முடியாதுங்கய்யா. வாசல்ல நீங்க நிக்கீங்க.”

“நான் இங்கே அல்லவா இருக்கிறேன்?”

“அங்கயும் நிக்கீங்க. கும்பிட்டுக்கிட்டு.”

அலைவேந்தர் முகம் மலர்ந்தது. “அப்படியானால் நான் அவரை வரவேற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.”

“அந்தக் கட்-அவுட்ட எடுத்துட்டா…”

“என்னை எடுப்பதா?”

விழா நடக்கும்போது தலைவர் கட்-அவுட்டில் கைவைத்தவன் சிப்பித்துறையில் வீடு கட்ட முடியாது.

டொக், என்றது கீழே. அப்புறம் எதுவும் இல்லை.

கஸ்பார் காத்திருந்தான். எதுவும் இல்லை.

“அப்ப தலைவரே குனிஞ்சு போட்டிரலாமே,” என்றார் மொறாயிஸ்.

எல்லோரும் மொறாயிஸைப் பார்த்தார்கள். அவர் மாலைக்கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அலைவேந்தர் எதற்கும் குனிந்ததில்லை. அவருக்கு வேட்டி கட்டிவிடுகிறவர்தான் குனிவார்.

இளவெயினி நெற்றியைத் தடவினார். “அவர் மேலே வர முடியாது. தலைவர் கீழே குனியக் கூடாது. மேடையைத் திருப்பிவிட்டால் இரண்டுமே தேவையில்லை,” என்றார்.

“நியாயம்,” என்றார் அலைவேந்தர்.

தொண்டர்கள் இரண்டு பக்கமும் வந்து பிடித்தார்கள். இளவெயினியும் புடவையைச் செருகிக்கொண்டு ஒரு கை கொடுத்தார். கஸ்பார் தண்ணீரில் இறங்கி நல்ல கையாலும் முதுகாலும் தள்ளினான். மூங்கில்கள் விலகி நின்றன. மேடையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் இடம் போய்விடும். முன்வரிசை சாய்ந்தது. பின்வரிசை சாய்ந்தது. ஐஸ் கம்பெனி உரிமையாளர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வரிசை குலையாமல் கடலுக்குள் போனார்கள். அலைவேந்தர் கூப்பிய கையைப் பிரிக்காமல் போனார். மைக்கை விட மனமில்லாமல் இளவெயினியும் கூடவே போனார்.

படகு நிமிர்ந்தது.

கட்-அவுட் இப்போது மேலே, வானத்தைக் கும்பிட்டபடி கிடந்தது. கஸ்பார் ஒற்றைக் கையால் பிடித்து இழுத்தான். வந்துவிட்டது. சொந்தக்காரர் பக்கத்தில் இல்லாதபோது அது வெறும் அட்டையாகத்தான் இருந்தது. அலையில் போய் விழுந்து மிதந்தது. மற்றப் படகுகள் உடனே அதைச் சுற்றித் திரும்ப ஆரம்பித்தன.

கூண்டுக்குள் பிலோமின் சாய்ந்து கிடந்தார். உதடு நீலமாக இருந்தது. கஸ்பார் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். கன்னத்தில் அடித்தான். அக்காள் கணவரை அடிக்கக் கூடாது. இன்னொரு அடி அடித்தான்.

பிலோமின் நிறையத் தண்ணீரைக் கக்கினார். கண்ணைத் திறந்தார்.

“அத்தான்.”

“ம்.”

ஒத்திவைத்திருந்த அழுகை கஸ்பாருக்கு அப்போது வந்தது. பிலோமின் அவனைப் பார்த்தார். பிறகு அவன் தோளைப் பார்த்தார்.

“எல்லாம் ஒனக்கா?”

கஸ்பார் இருப்பதிலேயே நீளமான பொன்னாடையை உருவினான். ஒற்றைக் கையால் அவருக்குப் போர்த்தினான். கோணலாக விழுந்தது. படகு ஒரு நூல்கூட இறங்கவில்லை.

பிலோமின் அதன் கரையை விரலால் தடவிப் பார்த்தார். “தெக்குத் தெருவா? நீளமா இருக்கு.”

டொக். டொக்.

இருவரும் காலுக்குக் கீழே பார்த்தார்கள்.

“கீழ யாரு?” என்றார் பிலோமின்.

“விழாக் குழு.”

“ஐயோ. தண்ணி எதுவரைக்கும்?”

கஸ்பார் குனிந்து கேட்டான். “நீர்மகள் முழந்தாளை முத்தமிடுகிறாள்!” என்று இளவெயினியின் குரல் வந்தது.

“முழங்காலாம். வரவேற்புரை நடக்குது.”

“யாருக்கு?”

“ஒங்களுக்கு.”

பிலோமின் காதை வைத்துக் கேட்டார். “பேரச் சரியாத்தான் சொல்லுதாவ,” என்றார். பிறகு நிமிர்ந்தார். “இருந்தாலும் பாவம் மாப்ளே. உள்ள இருந்து பாத்தவன் நான். ஆள அனுப்பு.”

மொறாயிஸ் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார். கஸ்பார் அவரைத் திருப்பி, ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்தான். காற்று உஸ்ஸென்று வந்தது. மொறாயிஸ் கூடையைக் கடலில் வீசிவிட்டு, இத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீருக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய கைகள் மட்டும் மேலே வந்தன. இரண்டு கையிலும் டீ. சூடாக இருந்தது. பின்னால் தலை வந்தது.

“ஒவ்வொருத்தரா கையப் பிடிச்சு இழுத்துப் பாத்துட்டேன். வரமாட்டேங்காவ. தலைவர் பேசி முடிக்கட்டுமாம்.”

“மூச்சு?”

“அதெல்லாம் நல்லா விடுதாவ. பேசுததுக்கு வேணும்லா.”

பிலோமின் டீயைக் குடித்தார். உதட்டின் நீலம் கொஞ்சம் குறைந்தது. அவர் ஆக்சிலேட்டரைத் தொட்டுப் பார்த்தார். எஞ்சின் ஒரு தடவை இருமியது. பிலோமினும் இருமினார். இரண்டும் ஓட ஆரம்பித்தன.

“மெதுவா அத்தான். கீழ ஆளு இருக்கு.”

“தெரியும்டே.”

அன்றைக்குச் சிப்பித்துறைக் கடலில் ஒரு பந்தயப் படகு அவ்வளவு மெதுவாகப் போனது. நத்தை ஒன்று கூடவே வந்து, அப்புறம் முந்திக்கொண்டது. மொறாயிஸ் பக்கத்திலேயே நீந்தி, அடிக்கடி முங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். வாழ்த்துரை போய்க்கொண்டிருக்கிறது. வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் ஒரே நாற்காலிக்குச் சண்டை. நன்றியுரை தொடங்கிவிட்டது. கஸ்பார் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். தொங்கிய கையைப் பிலோமின் தன் இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

படகு மணலில் முட்டியது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அடியிலிருந்து விழாக் குழு ஒவ்வொருவராகத் தவழ்ந்து வெளியே வந்தது. ஒருவர்கூட நனைந்திருக்கவில்லை. அலைவேந்தரின் வேட்டியில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கார்க்கதவு திறந்து தயாராக இருந்தது. காதணி விழாவுக்கு நேரமாகிவிட்டது.

போகிற வழியில் அவர் பிலோமினின் முன்னால் நின்றார். கட்-அவுட்டில் இருந்த அதே சிரிப்பு. இரண்டு கைகளையும் கூப்பினார்.

கஸ்பார் பிலோமினின் கைகளைப் பார்த்தான். ஒரு கை இன்னும் ஆக்சிலேட்டரில் இருந்தது. ஒரு கை கஸ்பாரின் உடைந்த கையைத் தாங்கியிருந்தது. இரண்டும் கூப்பிக்கொள்ளப் பார்த்தன. பழக்கம்.

“வணக்கம்யா,” என்றார் பிலோமின், வாயால்.

கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அலைவேந்தர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் காரில் ஏறிப் போனார். இளவெயினி, மொறாயிஸின் பெயர் நிகழ்ச்சி நிரலில் இருந்ததை நினைத்துக்கொண்டு, ஆளில்லாத கடற்கரையில் மைக்கில் அவரை அழைத்தார். மொறாயிஸ் வலைகளின் பக்கம் படுத்துத் தூங்கியிருந்தார்.

அமலோற்பவம் மணலில் ஓடிவந்தாள். வரும்போதே இருவரையும் திட்டிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வெளியே நிற்கிறது என்றாள். எத்தனை தடவை சொன்னேன் என்றாள். தம்பியின் கையைப் பார்த்ததும் நிறுத்தினாள். புருஷனின் முகத்தைப் பார்த்ததும் அவளால் திட்டவே முடியவில்லை.

“அமலி,” என்றார் பிலோமின். “குழம்பு கரிக்கல.”

“நான்தான் ருசி பாத்தேன்லா. எனக்குத் தெரியாதா?” என்றாள் அவள். “மொதல்ல தலையத் தொடைங்க. தண்ணி சொட்டுது.”

துண்டு எடுத்துவர மறந்திருந்தாள். அவர் தோளிலிருந்த பொன்னாடையை இழுத்து, தலையை அழுத்தி அழுத்தித் துவட்டினாள். ஜரிகை காதில் கீறியது. பிலோமின் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பொன்னாடை தண்ணீரை உறிஞ்சவில்லை.